நாடி நூற்றுப்பத்தைத் தாண்டும்போது

பகல் ஒன்றரை மணிக்கு மிருதுளா தயிர்சாத டப்பாவைத் திறந்தபோது அந்த அழைப்பு வந்தது. சரவணம்பட்டியில் இருந்த அகத்துணை நிறுவனத்தில் வாடிக்கையாளர்களின் போன் அவள் மேசைவரை ஏறி வருவது அபூர்வம். கீழ்த்தளத்தில் இருபத்திரண்டு பேர் அதற்கென்றே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் டாக்டர்களும் கைவிரித்துவிட்ட புகார்கள்தான் இரண்டாம் மாடிக்கு வரும்.

"ஏனுங்க, அந்த மிசினு செஞ்சவிய நீங்கதானுங்களா?" என்றது ஒரு பெண் குரல்.

"மிசினுக்குள்ள ஓடுற புரோகிராம் எழுதறவங்கள்ல நானும் ஒருத்திங்கம்மா. மிருதுளான்னு பேரு. சொல்லுங்க."

"கணபதியில இருந்து சாந்தாமணி பேசறனுங்க. என்ற ஊட்டுக்காரரு சென்னியப்பனுக்கு உங்க மிசினுதான் வெச்சிருக்குது. போன செவ்வாக்கெழம காலைல என்ன பலகாரம் தின்னாருன்னு கேட்டா அச்சுப் பிசகாமச் சொல்றாருங்க. தொட்டுக்க எத்தன சட்டினின்னும் சொல்றாரு. எங்க புள்ள செத்துப்போனது மட்டும் அவருக்கு ஞாபகத்துல நிக்க மாட்டேங்குதுங்க."

மிருதுளா கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தாள்.

சாந்தாமணி அழவில்லை. பல பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரலில் நடந்ததைச் சொன்னாள். சென்னியப்பன் பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுகிறவர். முப்பது வருடமாகச் சொந்தப் பட்டறை. மூன்று வருடத்துக்கு முன் சத்தி ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்ததில் பின்மண்டையில் அடி. பழைய ஞாபகமெல்லாம் அப்படியே இருந்தது. புதிதாக நடப்பது மட்டும் பத்து நிமிடத்தில் கரைந்துபோனது. அகத்துணையைப் பொருத்திய பிறகுதான் ஆள் மறுபடி மனுஷரானார். பட்டறையைக்கூடத் திறந்தார். ஒரே மகள் மோனிஷா, இருபத்தாறு வயது, துணி ஏற்றுமதி கம்பெனியில் வேலை. ஆனி மாதம் காய்ச்சல் என்று படுத்தவள் ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

"அவருதானுங்க மொத மண்ணு தள்ளுனாரு. நானு பாத்துட்டே நின்னேன். மறுநா காலைல எந்திரிச்சு, பாப்பா வேலைக்குப் போயிட்டாளான்னு கேக்கறாரு."

"நீங்க சொன்னீங்களாம்மா?"

"பின்ன? பதினேழு தடவ சொன்னனுங்க. ஒவ்வொரு தடவையும் அன்னிக்குத்தான் செத்தாப்புல நெஞ்சுல அடிச்சுட்டு அழுவாரு. அரமணி நேரம், ஒரு மணி நேரம். அப்பறம் மொகத்தக் கழுவிட்டு வந்து, ஏன் சாந்தா கண்ணு வீங்கிருக்குதும்பாரு. பதினெட்டாவது தடவ சொல்றதுக்கு எனக்குத் தெம்பில்லீங்க. சிங்கப்பூர்ல வேல கெடச்சுப் போயிட்டான்னு சொல்லிட்டேன்."

மிருதுளா டப்பாவை மூடி ஓரமாகத் தள்ளினாள்.

"மனசு ஏத்துக்க மறுக்குதுன்னு டாக்டரு சொல்றாருங்க. உங்க ஆளுகளும் அதையேதான் சொல்றாங்க. அந்த மனசு கெட்டுப்போச்சுன்னுதானுங்க மிசினு வெச்சது? மிசினுக்கு ஏதுங்க ஏத்துக்கறதும் மறுக்கறதும்?"

ஒன்பது வருடமாக அகத்துணை விற்பனையில் இருந்தது. இந்தக் கேள்வியை இத்தனை தெளிவாக யாரும் கேட்டு மிருதுளா கேள்விப்பட்டதில்லை.

"ரெண்டு நாள் கொடுங்கம்மா," என்றாள். "அவரோட ஞாபகத்தை நான் படிக்க மாட்டேன், அதுக்கு எனக்கு உரிமை கிடையாது. எந்தெந்த நேரம் எழுதியிருக்குன்னு மட்டும் பார்க்கிறேன். சம்மதம்தானே?"

"பாருங்க கண்ணு," என்றாள் சாந்தாமணி.

அகத்துணை காதுக்குப் பின்னால், சட்டைப் பொத்தான் அளவில் இருக்கும். அணிந்தவர் பார்ப்பதையும் கேட்பதையும் நினைப்பதையும் நொடிக்கு ஒரு வரியாகத் தன் பதிவுக் கோப்பில் எழுதிக்கொண்டே போகும். அவர் எதையாவது நினைத்துப் பார்க்க முயலும்போது மூளைக்கு அந்தக் கோப்பிலிருந்துதான் எடுத்துக் கொடுக்கும். கோப்பில் இருந்தால் நடந்தது, இல்லாவிட்டால் நடக்கவே இல்லை. ஒவ்வொரு வரியின் முகப்பிலும் மணி, நிமிடம், நொடி இருக்கும். கோப்பின் ஒரு நகல் தினமும் நிறுவனத்துக்கு வந்து சேரும்.

மிருதுளா சென்னியப்பனின் நகலை எடுத்து, வரிகளை மறைத்துவிட்டு நேரத்தை மட்டும் திரையில் வரவழைத்தாள். மகள் இறந்த நாள். காலை ஐந்து மணி நாற்பது நிமிடம் ஏழாம் நொடி வரை ஒழுங்காக வந்த வரிசை, அடுத்த வரியில் பகல் மூன்று மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத் தாவியது. நடுவில் ஒன்றுமே இல்லை. வரி அழிக்கப்பட்டிருந்தால் தழும்பு இருக்கும், கருவி பழுதாகியிருந்தால் பிழைச் செய்தி இருக்கும். இரண்டும் இல்லை. அந்த ஒன்பதரை மணி நேரம் உலகத்தில் இல்லாமலே போனது போல இருந்தது.

மற்ற நாட்களைப் பார்த்தாள். அதற்கு முந்தைய எட்டு நாளும், மகள் காய்ச்சலில் கிடந்த நாட்கள், பள்ளம் பள்ளமாக அரித்துக் கிடந்தன. சாந்தாமணி சொன்ன பதினேழு தடவைக்கும் பதினேழு பள்ளம் இருந்தது. அவை போக இன்னும் சின்னச் சின்னப் பள்ளங்கள். போன வருடம் சித்திரையில் ஒரு மாலை நேரத்தில் நாற்பது நிமிடம். அவள் போன் போட்டுக் கேட்டாள்.

"சித்திர பன்னண்டுங்களா? பாப்பா புது வண்டி எடுத்துட்டு வந்தா, இவர உக்கார வெச்சு ஒரு சுத்துக் கூட்டிட்டுப் போனாளே," என்றாள் சாந்தாமணி. "அவருக்கு அதும் ஞாபகம் இல்லீங்க. வண்டி எப்பம்மா எடுத்தேன்னு மறுநா கேட்டுட்டாரு. புள்ளைக்கு மொகம் சுண்டிப்போச்சு."

துக்கத்தை மனசு ஏற்க மறுக்கலாம். மகளின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனதை எந்த மனசு மறுக்கும்?

அப்போதுதான் அவளுக்குக் கண்காணிப்பு நிரலின் நினைவு வந்தது. அகத்துணை அணிந்தவர்களுக்கு வலிப்பு வர வாய்ப்பு உண்டு. அதனால் நாடித்துடிப்பு நூற்றுப்பத்தைத் தாண்டினால் நிறுவனத்தின் கண்காணிப்பு நிரல் தானாக விழித்துக்கொண்டு, அவருடைய பதிவுக் கோப்பைத் திறந்து படிக்கும். வலிப்பின் அறிகுறி இருந்தால் ஆம்புலன்ஸை அழைக்கும். துடிப்பு இறங்கிப் பத்து நிமிடம் ஆனதும் கோப்பை மூடிவிடும். எப்போது திறந்தேன், எப்போது மூடினேன் என்று தனக்கென ஒரு குறிப்பும் வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பை எடுத்து சென்னியப்பனின் நேரவரிசைக்குப் பக்கத்தில் வைத்தாள். கிழிந்த தாளின் இரண்டு பாதிகள் போலப் பொருந்தின. நிரல் திறந்த நொடியில் ஞாபகம் நின்றது. மூடிய நொடியில் மறுபடி ஓடியது.

நிரலின் உள்ளே போய்க் கோப்பைத் திறக்கும் இடத்தைத் தேடினாள். அதிக நேரம் பிடிக்கவில்லை. திறக்கும்போதே கோப்பைப் பூட்டச் சொல்லி ஒரு வரி. தான் படித்து முடிக்கும்வரை வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. பக்கத்தில் எழுதியவரின் பெயரும் தேதியும். ஏழு வருடத்துக்கு முந்தைய தேதி. பெயர் அவளுடையது.

மிருதுளா நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றாள். ஐப்பசி மழை அடித்துக்கொண்டிருந்தது. அந்த வரியை எழுதிய நாள் அவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். பொள்ளாச்சியில் ஒரு பெண்மணிக்கு நாடி அறுபத்தெட்டு என்று கருவி எழுதிக்கொண்டிருக்கும்போதே நிரல் குறுக்கே புகுந்து, முதல் இலக்கத்தை மட்டும் படித்துவிட்டது. நாடி ஆறு என்று அலறியது. ஆம்புலன்ஸ்காரர்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போனால் அந்த அம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இனி பாதி வரியைப் படிக்கவே கூடாது என்று மிருதுளா அந்தப் பூட்டைப் போட்டாள். பொய் அலாரம் அடியோடு நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை அவள் பிரணவின் அறைக்குப் போனாள். பிரணவ் அவளுடைய துறைத் தலைவர், ஐம்பதைத் தொட்டவர், குரலை உயர்த்திப் பேசி யாரும் பார்த்ததில்லை. அவள் இரண்டு வரிசையையும் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"எழுத முடியலைன்னா கருவி பிழைன்னு சொல்லியிருக்கணுமே? ஏழு வருஷமா ஒரு பிழைச் செய்திகூட வரலையே?"

"மூணு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கும். முடியலைன்னா அந்த வரியை விட்டுரும். வரியைச் சேர்த்து வைக்க அந்தச் சின்னக் கருவியில இடமில்ல. எழுத முடியலைங்கற செய்தியை எங்க எழுதும்? அதே கோப்புலதான். அதான் பூட்டியிருக்கே."

பிரணவ் நாற்காலியில் சாய்ந்தார். "எத்தனை பேருக்கு இப்படி?"

"அகத்துணை வெச்சிருக்கற எல்லாருக்கும். நாற்பத்தோராயிரம் பேர். மாடிப்படி வேகமா ஏறினதுகூட ஞாபகம் இருக்காது. அதைப் பத்தி யாரும் புகார் பண்ண மாட்டாங்க. ஆனா நெஞ்சு படபடன்னு அடிக்கிற மாதிரி எது நடந்தாலும் அவங்களுக்கு அது நடக்கவே இல்லை. பேரன் பொறந்தது, சண்டை போட்டது, சாவு வீட்டுக்குப் போனது. மிச்சம் இருக்கறது காலைல காப்பி, சாயந்திரம் நடை, டிவி."

"நம்ம ஆளுங்க அமைதியா இருக்காங்கன்னு வருஷா வருஷம் அறிக்கை போடறோம்," என்றார் பிரணவ் மெதுவாக. "நூத்துக்குத் தொண்ணூறு பேர் நிம்மதியா இருக்காங்கன்னு."

"அந்த நிம்மதி இதுதான் பிரணவ்."

அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். "கோபப்படாம கேளு. இதைச் சரி பண்ணினா என்ன ஆகும்? நாளைலேர்ந்து நாற்பத்தோராயிரம் வீட்ல துக்கம் தங்க ஆரம்பிக்கும். எல்லாருமே வயசானவங்க, அடிபட்டவங்க. அந்த அம்மா பதினேழு தடவை சொன்னதுல ஒண்ணு தங்கியிருந்தா அந்த மனுஷன் தாங்கியிருப்பாரா? தெரியாம இருக்கறதே நல்லதுன்னு தோணலையா உனக்கு?"

"தோணுச்சு. நேத்தெல்லாம் அதைத்தான் யோசிச்சேன். அவருக்குத் தெரியாது, சரி. அந்தம்மாவுக்குத் தெரியுமே. ஒரே வீட்ல ஒருத்தி நாலு மாசமா தனியா அழறா. இன்னொருத்தர் அவ ஏன் அழறான்னு தெரியாம உட்கார்ந்திருக்கார்." "அதோட, துக்கம் மட்டுமா போகுது? சந்தோஷமும்தானே போகுது."

பிரணவ் மேசைமேலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டினார். அவருடைய அம்மா ஈரோட்டில் அக்கா வீட்டில் இருந்தாள். அவளும் அகத்துணை அணிந்தவள்தான்.

"ஞாயித்துக்கிழமை தவறாம ஈரோடு போறேன்," என்றார். "கதவைத் திறந்து என்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பா இருக்கும். கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டாங்க. அடுத்த வாரம் போனா, ஏன்டா வந்து எத்தனை மாசமாச்சுன்னு கேப்பாங்க. நோயோட சேர்ந்ததுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்." அவர் திரையில் அந்த ஒற்றை வரியைப் பார்த்தார். "இதை எழுதினது யாரு?"

"நான்தான்."

அவர் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

சரி செய்வது சின்ன வேலை. படிக்கிறவன் படிக்கட்டும், எழுதுகிறவன் எழுதட்டும், பாதியில் நிற்கும் கடைசி வரியை மட்டும் படிக்காமல் விடு என்று நிரலுக்குச் சொன்னால் போதும். ஏழு வருடத்துக்கு முன்பே அப்படிச் சொல்லியிருக்கலாம். சத்தமில்லாமல் எல்லோருக்கும் அனுப்பிவிடலாமா என்று பிரணவ் ஒருமுறை கேட்டுப் பார்த்தார். மிருதுளா ஒப்பவில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்ததை எழுத வேண்டும், இழந்தது எதனால் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் என்றாள். மாலைக்குள் அவர் ஒப்புக்கொண்டார். முதலில் சென்னியப்பன் ஒருவருக்கு மட்டும், அவருடைய சம்மதக் கையெழுத்தோடு. எழுத்து தங்குகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவர்களுக்கு.

சனிக்கிழமை காலை மிருதுளா கணபதிக்குப் போனாள். முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் வீடு. பட்டறையில் வார்னிஷ் வாசம். செம்புக் கம்பிச் சுருள்கள் ஆணியில் தொங்கின. சென்னியப்பன் முடிவெட்டப் போயிருந்தார். வேண்டுமென்றேதான் அந்த நேரத்துக்கு வரச் சொன்னதாக சாந்தாமணி சொன்னாள். ஐம்பத்தைந்து வயதுப் பெண். கண்ணுக்குக் கீழே கருத்துக் கிடந்தது. சுவரில் எல்லாப் படமும் இருந்தன, மகளுடைய படம் மட்டும் இல்லை. மாலை போட்ட படம் பீரோவுக்குள் இருப்பதாகச் சொன்னாள்.

மிருதுளா உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"ஒரு நோட்டு இருக்குன்னு வெச்சுக்கங்கம்மா. ஒருத்தர் அதுல விடாம எழுதிக்கிட்டிருக்கார். இன்னொருத்தர் வந்து, படிக்கணும்னு நோட்டை இழுத்து மடியில வெச்சுக்கறார். எழுதறவர் என்ன பண்ணுவார்?"

"காத்துட்டிருப்பாரு."

"கொஞ்ச நேரம் காத்திருப்பார். அப்பறம் அதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிருவார். உங்க வீட்டுக்காரருக்கு நடந்தது அதுதான். அவருக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பார்த்துக்கறதுக்குத்தான் படிக்கற அந்த ஆளை வெச்சோம். பார்க்கறேன் பார்க்கறேன்னு அவன் நோட்டையே பிடுங்கி வெச்சுக்கிட்டான். உங்க வீட்டுக்காரர் மனசு மேல தப்பில்லம்மா. அந்த ஆளுக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்தது நான். அந்த வரியை எழுதினது நான்தான்."

சாந்தாமணி அவளையே பார்த்தாள். மிருதுளா எதற்கும் தயாராக இருந்தாள். வெளியே ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"பாப்பா கண்ண மூடுனப்ப," என்றாள் சாந்தாமணி, "இவரு அவ காலப் புடிச்சுட்டு, நானும் வாரேன் சாமி, நானும் வாரேன்னு கத்துனாரு. தெருவே அழுதுச்சு. அது அவருக்கு இல்லீன்னு ஆக்கிப்போட்டீங்களே கண்ணு." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "திரும்பி வருமுங்களா அது?"

"வராதும்மா. எழுதாததை எடுக்க முடியாது. இனிமே நடக்கறது தங்கும். அதுக்கான புரோகிராமைக் கொண்டு வந்திருக்கேன். ஆனா அவர் சம்மதிச்சுக் கையெழுத்துப் போடணும்."

"எதுக்குன்னு சொல்லாம எப்படிங்க கையெழுத்து வாங்கறது? சொன்னா அழுவாரு. அழுதா மறந்துருவாரு. மறந்தவருகிட்ட மறுக்கா எப்படிங்க கேக்கறது?"

மகளைப் பற்றிப் பேசாமல், கருவியின் கோளாறை மட்டும் சொல்லிக் கேட்பதென்று இருவரும் முடிவு செய்தார்கள். கருவியைச் சரிசெய்த பிறகு சாந்தாமணி சொல்வாள். பதினெட்டாவது தடவை. அதுவே கடைசியாக இருக்கும்.

சென்னியப்பன் புதிதாக வெட்டிய தலையோடு வந்தார். ஒடிசலான ஆள், விரல் நுனியெல்லாம் கம்பி கிழித்த தழும்பு. மிருதுளாவைப் பார்த்ததும், "வாங்க அம்மிணி, காப்பி குடிச்சீங்களா?" என்றார். அவள் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கோளாறு என்னவென்று பொறுமையாகக் கேட்டார். நாடி நூற்றுப்பத்தைத் தாண்டினால் கருவி எழுதுவது நின்றுவிடுகிறது, அதனால் அந்த நேரத்து ஞாபகம் தங்குவதில்லை என்று அவள் சொன்னபோது, ஒரு மெக்கானிக் இன்னொரு மெக்கானிக்கிடம் கேட்பது போலத் தலையை ஆட்டினார்.

"நூத்திப்பத்துங்களா?" என்றார். "நானு நூறுன்னுல்ல கணக்குப் போட்டிருந்தேன்."

மிருதுளாவுக்குச் சட்டென்று புரியவில்லை. "என்ன கணக்குங்க?"

சென்னியப்பன் மனைவியை ஒருமுறை பார்த்தார். வலது கையின் இரண்டு விரல்களை இடது மணிக்கட்டில் வைத்துக்கொண்டார்.

"மோட்டாரு அடிக்கடி ட்ரிப் ஆயி நின்னு போவுதுன்னு கொண்டாந்தா நாங்க என்னங்க பண்ணுவோம்? லோடு ஒவ்வொண்ணாக் கழட்டிப் பாப்போம். எதக் கழட்டுனா நிக்காம ஓடுதோ, கோளாறு அங்கதான். எனக்கு நடுவுல நடுவுல நேரம் காணாமப் போயிட்டிருந்துச்சு. பட்டறைல உக்காந்திருப்பேன், நெஞ்சு படபடங்கும், அடுத்தாப்புல பாத்தா கட்டில்ல இருப்பேன். சாந்தா கண்ணு வீங்கிக் கெடக்கும். எந்தப் பேச்சு எடுத்தா இப்படி ஆவுதுன்னு பாத்தனுங்க. தொழிலப் பேசுனா ஆவுல. எங்கப்பன் செத்ததப் பேசுனா ஆவுல. பாப்பா எங்கீன்னு கேட்டா மட்டும் ஆவுது."

சாந்தாமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பறம் சாந்தா சிங்கப்பூருன்னா. சிங்கப்பூருன்னா ஒரு போனு வரோணுமல்லங்க? வருல. ஏன் வருலீன்னு கேக்க வாயெடுத்தேன். கேட்டா மறுக்கா ட்ரிப் ஆயிரும், இவ மறுக்கா அழுவோணும். அதனால கேக்கறத உட்டுட்டேன். நானே நெனச்சுப் பாத்துக்கலாம்னு இப்படி நாடியப் புடிச்சுட்டு உக்காருவேன். பாப்பான்னு நெனப்பேன். நெஞ்சு ஏறுச்சுன்னா உட்டுட்டு, காயில் சுத்து எண்ணுவேன். எறங்குனதும் மறுக்கா கொஞ்சம் நெனப்பேன். ஒரே ஒரு வார்த்தைய நெனச்சு முடிக்கப் பதனோரு நாளாச்சுங்க."

அவரே சொன்னார், ஒவ்வொரு எழுத்தாக இறக்கி வைப்பது போல.

"எம்புள்ள இல்லீங்கறது."

விரல்கள் மணிக்கட்டிலேயே இருந்தன. மூச்சை நிதானமாக இழுத்துவிட்டார்.

"எத்தன நாளா தெரியும்?" என்றாள் சாந்தாமணி.

"ஒன்றரை மாசமாச்சு."

"ஒன்றரை மாசமா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம..."

"சொன்னா நீ அழுவ. நீ அழுதா நானும் அழுவேன். அழுதா மறந்து போயிருமே சாந்தா. மறுக்கா மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். எம்புள்ள செத்தது எனக்குத் தெரியாமப் போயிரும். அதான் பல்லக் கடிச்சுட்டு இருந்துட்டேன்."

சென்னியப்பன் இடது கையால் சம்மதக் காகிதத்தை இழுத்து, வலது கையின் விரல்களை மணிக்கட்டிலிருந்து எடுக்க மனசில்லாமல் எடுத்து, அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி அங்கேயே வைத்துக்கொண்டார். மிருதுளா பையிலிருந்து சின்னக் கணினியை எடுத்தாள். புதிய நிரல் ஏற இரண்டு நிமிடம் பிடித்தது. அந்த இரண்டு நிமிடமும் அவருடைய உதடு ஏதோ எண்ணிக்கொண்டே இருந்தது.

"முடிஞ்சுதுங்களா?"

"முடிஞ்சுதுங்க."

"இனி நூத்திப்பத்தத் தாண்டுனாலும் ஒண்ணும் ஆவாதுங்களே?"

"ஆகாதுங்க. எழுதிக்கிட்டேதான் இருக்கும்."

"உறுதியாச் சொல்றீங்களா?"

"உறுதியாச் சொல்றேன்."

சென்னியப்பன் விரல்களை மணிக்கட்டிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்தார். மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"இப்பச் சொல்லு சாந்தா. பாப்பாவுக்கு என்ன ஆச்சு? மொத நாள்ல இருந்து சொல்லு. நான் கூடவே இருந்தேனா? கடேசில எங்கிட்ட ஏதாச்சும் பேசுனாளா?"

"கூடவேதான் இருந்தீங்க," என்றாள் சாந்தாமணி. "ஒரு நிமிசம் நவுருல." அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "ஆனி பத்தாந் தேதி. வேலைக்குப் போயிட்டு வந்தவ, தல வலிக்குதும்மான்னு சொன்னா..."

மிருதுளா கணினியை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் எழுந்து பட்டறைக்கு வந்தாள். முதலில் ஒரு கேவல். பிறகு அவர் குரல் உடைந்து பெரிதாக எழுந்தது. அதன்மேல் சாந்தாமணியின் குரலும் சேர்ந்துகொண்டது. நாலு மாதத்தில் அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தை நினைத்து, நினைத்ததை மறக்காமல் அழுதது அதுதான் முதல் தடவை.

போன் அடித்தது. பிரணவ்.

"மிருதுளா, சென்னியப்பனுக்கு நாடி நூத்தி முப்பத்திரண்டு காட்டுது. வலிப்பு அறிகுறி இல்ல. இருந்தாலும் ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமான்னு கீழே கேக்கறாங்க."

"வேண்டாம். அழுதுக்கிட்டிருக்கார்."

அழுகை அவருக்கும் கேட்டிருக்க வேண்டும்.

"கோப்பு?" என்றார் தணிந்த குரலில்.

அவள் திரையைப் பார்த்தாள். கண்காணிப்பு நிரல் கோப்பைத் திறந்திருந்தது. அதன் கண்ணெதிரிலேயே நொடிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பதினொன்று நாற்பத்தாறு இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டு.

"ஒரு நொடிகூட விடல," என்றாள்.

உள்ளே சாந்தாமணி காய்ச்சலின் இரண்டாம் நாளுக்கு வந்திருந்தாள்.